பாலினாமியல்ல அந்த ‘நாமியல்’ எங்க இருந்து வந்துச்சு?

கேள்வி: வணக்கம் மிஸ். எங்க ஊரு பாலக்கோடு பக்கம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சேன், இப்ப பதினொண்ணு இங்கிலீஷ் மீடியம் சேர்ந்திருக்கேன். முதல் வாரமே பாலினாமியல் பாலினாமியல்னு சொல்லிட்டே போனாங்க, நான் அது இயற்பியல் வேதியியல் மாதிரி ஏதோ ஒரு புது இயல்னு நெனச்சு பயந்துட்டேன். அப்புறம்தான் அது நம்ம பல்லுறுப்புக் கோவைன்னு தெரிஞ்சுது. அது ஏன் அந்தப் பேருன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃப்ரெண்டு ஒருத்தி ‘நாமியல்னா நாமம், சமஸ்கிருதம்’ங்கிறா. ட்யூஷன் அண்ணா ‘கிரேக்கத்துல நோமோஸ்னா விதி, அதனால பல விதிகள்’ங்கிறார். எங்க அப்பா தக்காளி மண்டில கணக்கு எழுதுறார், அவர் ‘பாலின்னா நம்ம பல தானே, நம்மகிட்ட இருந்து போனதுதான்’னு சொல்றார். எது மிஸ் சரி? இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா கணக்கு வருமா?

பதில்: கண்ணு, நீ பயந்ததுல தப்பே இல்ல. எனக்கும் இதேதான் நடந்துச்சு. பென்னாகரத்துல தமிழ் மீடியம் முடிச்சுட்டு காலேஜ் போன முதல் மாசம், லெக்சரர் ஒருத்தர் என்னை எழுப்பி மோனோமியலுக்கு ஒரு எக்ஸாம்பிள் சொல்லுன்னார். ஓருறுப்புக் கோவை சொல்லுன்னு கேட்டிருந்தா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பத்து சொல்லியிருப்பேன். அப்படியே நின்னேன். ‘தமிழ் மீடியமா, சரி உக்காரு’ன்னார். முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்துட்டேன், அந்த ‘உக்காரு’ இன்னும் காதுல இருக்கு. அதனாலதான் என் கிளாஸ்ல எந்தப் புது இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் அதை உடைச்சுக் காட்டாம நான் அடுத்த வரிக்குப் போனதே இல்ல.

உங்க மூணு பேருக்கும் நேரா பதில் சொல்லிடறேன். உன் ஃப்ரெண்டு பாதிக்கு மேல சரி. ட்யூஷன் அண்ணா சொன்னது சரியில்ல, ஆனா அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்குப் புரியுது. அப்பா சொன்னதுக்குக் கடைசில வர்றேன், இருக்கிறதுலேயே அதுதான் நின்னு பேச வேண்டிய விஷயம்.

பாலினாமியலை மூணா உடைக்கலாம். முன்னாடி இருக்கிற ‘பாலி’ கிரேக்கம், ‘பொலுஸ்’னா நிறைய, பல. நடுவுல இருக்கிற ‘நோம்’ லத்தீன், ‘நோமென்’னா பேரு. கடைசில ஒட்டிட்டு இருக்கிற ‘அல்’ லத்தீன் விகுதியில இருந்து வந்தது, நேஷனல், டெசிமல் எல்லாத்துலயும் அதே வால்தான். நம்ம ‘இயல்’க்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, தமிழ்ல எழுதும்போது எழுத்து அப்படி அமைஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஆக பாலினாமியல்னா பல பேரு உள்ளது.

சரி, பேருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கேட்காம விட்டுட்டா வார்த்தையை உடைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

முதல்ல பொறந்தது பாலினாமியல் இல்ல, பைனாமியல். நீ பதினொண்ணுல பைனாமியல் தியரம், ஈருறுப்புத் தேற்றம் படிக்கப் போற இல்ல, அந்த பைனாமியல்தான் மூத்தது, அதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல வயசு. கி.மு. 300 வாக்குல யூக்ளிட் எழுதின எலிமென்ட்ஸ்ல மொத்தம் 13 புத்தகம், அதுல பத்தாவதுதான் எல்லாத்துலயும் பெருசு, 115 தேற்றம் இருக்கு. அதுல 36ஆவது தேற்றத்துல ஒரு வகை நீளத்துக்கு அவர் ஒரு பேர் வைக்கிறார்: ‘எக் துவோ ஒனொமாத்தோன்’, அதாவது ‘ரெண்டு பேருல இருந்து ஆனது’. ஒனொமான்னா கிரேக்கத்துல பேரு. சினானிம், அனானிமஸ்னு நீ இங்கிலீஷ் கிளாஸ்ல படிக்கிறதுலயும் இருக்கிறது அதே ஒனொமாதான்.

அது என்ன ரெண்டு பேரு? உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் போட்டிருந்தா அது முன்னாடி உக்காரு. ஒரு நூல் எடுத்து டைல்ஸோட ஒரு ஓரத்தை அள, ஒரு அடி. அதே நூலை வெட்டாம அப்படியே திருப்பி மூலைக்கு மூலை அள. மூலைக்கு மூலை எவ்வளவுன்னு உனக்கே தெரியும், பிதாகரஸ் போட்டா ரூட் 2 அடி. இப்ப ஓரமும் மூலைவாட்டும் சேர்ந்த மொத்த நூல் எவ்வளவு நீளம்? 1 பிளஸ் ரூட் 2. அதைச் சுருக்கி ஒரே பேரா சொல்லுன்னா முடியாது. அந்த ஒரு அடியை ஆயிரம் துண்டா வெட்டு, கோடி துண்டா வெட்டு, எந்தத் துண்டை எடுத்து அளந்தாலும் மூலைவாட்டு நீளம் மிச்சமில்லாம அளந்து முடியவே முடியாது. ரெண்டும் ஒரே அளவுகோலுக்குள்ள வராத ரெண்டு நீளம். அதனால அந்த நூலைப் பத்திப் பேசணும்னா ரெண்டு பேரைச் சொல்லியே ஆகணும். யூக்ளிட் சொன்ன ரெண்டு பேரு இதுதான்.

அதுக்காக பிளஸ் போட்டா எல்லாம் ரெண்டு பேரு ஆயிடாது. ரூட் 8 பிளஸ் ரூட் 2 எடுத்துக்கோ. பார்க்க ரெண்டு மாதிரி இருக்கு, ஆனா ரூட் 8ங்கிறது 2 ரூட் 2 தான், ரெண்டையும் சேர்த்தா 3 ரூட் 2, ஒரே பேருக்குள்ள அடங்கிடுச்சு. கண்ணுக்கு ரெண்டா தெரியறது வேற, நெஜமாவே சேராம ரெண்டா நிக்கிறது வேற. இந்த வித்தியாசம் உனக்கு இப்பவே பிடிபட்டுடுச்சுன்னா கணக்குல பாதி சறுக்கல் குறைஞ்சிடும், சும்மா சொல்லல, விடைத்தாள் திருத்தித் திருத்திப் பார்த்ததை வச்சு சொல்றேன்.

இந்த ‘ரெண்டு பேரு’ பின்னாடி லத்தீனுக்குப் போனப்போ ‘பினோமியும்’ ஆச்சு. ‘பி’ன்னா ரெண்டு, பைசைக்கிள்ல வர்ற பை. ரெண்டு பேரு வச்சுக்கிட்ட ஆளைச் சொல்ல ‘பினோமியஸ்’னு ஒரு சொல் லத்தீன்ல ஏற்கனவே இருந்துச்சு. அங்க இருந்து இங்கிலீஷுக்கு. 1557ல ராபர்ட் ரெக்கார்ட்னு வேல்ஸ் நாட்டு டாக்டர் ஒருத்தர் இங்கிலீஷ்ல ஒரு அல்ஜீப்ரா புத்தகம் எழுதினார், நாம தினமும் போடுற சமக் குறி இருக்கே, அந்த ரெண்டு கோடு, அதையும் முதல் முதல்ல போட்டது அந்தப் புத்தகத்துலதான், அதுலயே பைனாமியல்ங்கிற வார்த்தையும் வருது. புத்தகத்தோட பேருக்கு ‘புத்திக்குச் சாணைக்கல்’னு அர்த்தம். ஏன் சாணைக்கல்? அந்தக் காலத்துல இத்தாலிக்காரங்க கணக்குல தெரியாத எண்ணை ‘கோசா’ன்னு சொல்வாங்க, கோசான்னா ஒரு பொருள், ஒரு சாமான்னு அர்த்தம். அதனால அல்ஜீப்ராவையே சாமான் கணக்குங்கிற மாதிரி ‘காஸ்’னு கூப்பிட்டாங்க. லத்தீன்ல அதே ‘கோஸ்’னா சாணைக்கல். ரெண்டையும் சேர்த்து அந்தப் பேரை வச்சுட்டார் மனுஷன். ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு அர்த்தம் வச்சு எழுதறது நம்ம புலவர்களுக்கு மட்டும் வந்த கலை இல்ல பாரு.

அப்புறம் 1600களோட பிற்பாதியில, உறுப்பு ரெண்டு, மூணுன்னு நிக்காம எத்தனை வேணாலும் இருக்கிற கோவைக்கு ஒரு பேர் தேவைப்பட்டுச்சு. பைனாமியல்ல இருந்த லத்தீன் ‘பி’யை எடுத்துட்டு அந்த இடத்துல கிரேக்க ‘பாலி’யை ஒட்டினாங்க. தலை கிரேக்கம், உடம்பு லத்தீன், ஒட்டுமாங்கன்னு மாதிரி. கிருஷ்ணகிரி பக்கம் தோப்பு வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, கீழ நாட்டு மாங்கொட்டையில மொளைச்ச செடி, மேல பெங்களூரா குச்சி, ஒட்டு சேர்ந்துட்டா அதுவும் மரம்தான், காய்க்கத்தான் செய்யும். சுத்தமா ஒரே மொழியில இருக்கணும்னு பார்த்தா ‘மல்டினாமியல்’, அது முழு லத்தீன், அதுவும் கணக்குல இருக்கு, மல்டினாமியல் தியரம்னு மேல் படிப்புல வரும். ஆனா நின்னு ஜெயிச்சது ஒட்டுதான். டெலிவிஷன்கூட இப்படித்தான், ‘டெலி’ கிரேக்கம், ‘விஷன்’ லத்தீன். நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, தமிழும் இங்கிலீஷும் கலந்து கணக்கு பேசுறேன்னு கிளாஸ்ல கூச்சப்படுற பிள்ளைங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். நீங்க பயப்படுற அந்த வார்த்தையே ரெண்டு மொழி கலந்து பொறந்ததுதான்மா.

மோனோமியல்னு சொன்னேனே, அதுல ஒரு எழுத்து காணாம போயிருக்கு, கவனிச்சியா? மோனோ, அப்புறம் நோமியல். சேர்த்தா மோனோநோமியல்னு வரணும். ஒரே மாதிரி ஓசை பக்கத்துல பக்கத்துல வந்ததால நாக்கு ஒண்ணை முழுங்கிடுச்சு. வேகமா பேசுறப்போ நாம வந்துகொண்டிருக்கிறான்கிறதை வந்துட்டிருக்கான்னு சுருக்கறோமே, வாயிக்கு சுலபமானதுதான் எல்லா ஊர்லயும் நிக்கும்.

இப்ப ட்யூஷன் அண்ணா சொன்ன நோமோஸ். கிரேக்கத்துல நோமோஸ்னா விதி, முறைங்கிறது நெஜம்தான். அஸ்ட்ரானமி, எகானமி இதுலெல்லாம் இருக்கிறது அந்த நோமோஸ்தான், நட்சத்திரங்களோட முறை, வீட்டு நிர்வாகத்தோட முறை. அதைப் பார்த்துட்டு பாலினாமியலும் அதே குடும்பம்னு நெனைக்கிறது ரொம்ப சகஜம். இன்னொரு காரணமும் இருக்கு. லத்தீன்ல நோமென் வேற சொல்லோட சேரும்போது பொதுவா ‘நோமின்’னு நிக்கும், நாமினேஷன், நாமினின்னு சொல்றோமே அந்த ‘இன்’. அந்தக் கணக்குப்படி பைநாமினல்னு வந்திருக்கணும், ஆனா நடுவுல இருந்த அந்த ‘இன்’ கழண்டு பைனாமியல் ஆயிடுச்சு. கழண்டதும் அது நோமோஸ் மாதிரியே தெரியுது. யூக்ளிடோட அந்த ‘ரெண்டு பேரு’ மட்டும் நம்ம கைக்கு வரலைன்னா நானும் ஒருவேளை நோமோஸ் பக்கம்தான் சாய்ஞ்சிருப்பேன். அண்ணாகிட்ட இதைச் சொல்லு, தப்பு கண்டுபிடிச்ச மாதிரி சொல்லாத, நல்லா சொல்லித் தர்ற ஆளுதான் அர்த்தம் தேடி இவ்வளவு தூரம் போவார்.

அடுத்து உன் ஃப்ரெண்டு சொன்ன நாமம். சமஸ்கிருதத்துல நாமன், லத்தீன்ல நோமென், கிரேக்கத்துல ஒனொமா, இங்கிலீஷ்ல நேம். நாலும் ஒரே குடும்பம், அவ சொன்னதுல அவ்வளவு தூரம் சரி. ஆனா லத்தீன்காரங்க சமஸ்கிருதத்துல இருந்து எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னா தப்பு. நாலும் அக்கா தங்கச்சி. அம்மா வேற ஒரு பழைய மொழி, அதுல எழுதி வச்ச ஒரு வரிகூட கிடையாது, பொண்ணுங்க முகத்தை வச்சு அம்மா முகம் இப்படித்தான் இருந்திருக்கும்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க கணிச்சு வச்சிருக்காங்க.

இது எப்படின்னு புரிய நம்ம ஜில்லா பிள்ளைங்களுக்கு வெளியூர் உதாரணமே வேண்டாம். ஒகேனக்கல் போயிருக்க இல்ல? அருவி விழுற இடத்துல தண்ணி புகையா எழும்பும், பரிசல்ல போகும்போது மூஞ்சில தூறல் மாதிரி அடிக்கும். கன்னடத்துல ‘ஹொகெ’ன்னா புகை. புகையுற கல், அதுதான் ஒகேனக்கல். இப்ப நம்ம ‘புகை’யையும் அவங்க ‘ஹொகெ’யையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. பழைய கன்னடத்துல அதுவும் ‘பொகெ’ன்னுதான் இருந்துச்சு, சொல்லு ஆரம்பத்துல வர்ற ‘ப’ நாளடைவுல ‘ஹ’வா மாறிடுச்சு. ஒரு வார்த்தைல மட்டும் இல்ல, வரிசையா மாறும். பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல்லு ஹல்லு. ஹோசூர்ல இருக்கிற ‘ஹொச’ முன்னாடி ‘பொச’, நம்ம ‘புது’வோட சொந்தம், அதனால ஹோசூர்னா வேற ஒண்ணுமில்ல, புதூர். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பிள்ளைங்க வீட்டுல ஒண்ணு, தெருவுல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணுன்னு மூணு மொழி பேசிட்டு இதை யோசிக்காமலே தாண்டிப் போகுதுங்க. பேருக்கே வருவோம்: தமிழ்ல பேரு, தெலுங்குல பேரு, கன்னடத்துல ஹெசரு, பழைய கன்னடத்துல பெசர். நேம், நோமென், நாமன் அங்க எப்படியோ, இது இங்க அப்படி.

அவங்க குடும்பத்துலயும் இதே மாதிரி ஒரு வரிசை மாற்றம் இருக்கு. லத்தீன், கிரேக்கத்துல ‘ப’ வர்ற இடத்துல இங்கிலீஷ்ல ‘ஃப’ வரும். கிரேக்கத்துல பதேர், இங்கிலீஷ்ல ஃபாதர். கிரேக்கத்துல பெந்தே, இங்கிலீஷ்ல ஃபைவ், அந்த பெந்தேதான் உன் பென்டகன்ல இருக்கிறது. லத்தீன்ல பிஸ்கிஸ், இங்கிலீஷ்ல ஃபிஷ். இதை 1822ல ஜெர்மனில யாக்கோப் கிரிம் வரிசைப்படுத்திக் காட்டினார். இந்த விதிப்படி கிரேக்க ‘பொலுஸ்’க்கு இங்கிலீஷ்ல சொந்தக்காரர் யாருன்னு தேடினா, ‘ஃபுல்’. பஸ் ஃபுல்லா இருக்குங்கிறோமே, அந்த ஃபுல்லும் பாலினாமியல்ல இருக்கிற பாலியும் ஒரே வேருல இருந்து வந்தது.

இப்ப அப்பா கேள்விக்கு வர்றேன். பாலி, பல. காதுக்கு ஒண்ணா கேக்குது, அர்த்தமும் ஒண்ணு. அப்பாவுக்கு அந்த ஆசை வர்றது எனக்கு நல்லா புரியுது, எனக்கும் இருபது வயசுல இருந்துச்சு. ஆனா ஒரு வார்த்தை ஒத்துப்போச்சுங்கிறது சாட்சி ஆகாது, ‘ப’வுக்கு ‘ஹ’ மாதிரி ஒரு வரிசையே ஒத்து வரணும். நம்ம ‘பல’வுக்குக் கன்னடத்துல ‘ஹலவு’, பார்த்தியா, வரிசைல சரியா வந்து உக்காருது. கிரேக்கத்தோட பாரு: அஞ்சுக்கு பெந்தே, அப்பாவுக்கு பதேர், காலுக்கு பூஸ். அஞ்சு, அப்பா, காலு. எதுவுமே ஒத்துக்கல, ‘பல’ மட்டும் தனியா நிக்குது. மொழிகளோட எண்ணிக்கை ஆயிரக்கணக்குல, ஒவ்வொண்ணுலயும் வார்த்தை ஆயிரக்கணக்குல, அதுல ஒண்ணு ரெண்டு தற்செயலா ஒத்துப்போகத்தான் செய்யும். கிரிமுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1816ல, மெட்ராஸ் கலெக்டரா இருந்த எல்லிஸ் துரை தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரு தனிக் குடும்பம், சமஸ்கிருதத்துல இருந்து பொறந்தது இல்லைன்னு எடுத்துக் காட்டினார். அப்புறம் 1856ல கால்டுவெல் இதை விரிவா எழுதினார். அப்பாகிட்ட நான் சொல்ல விரும்புறது இதுதான்: நம்ம மொழிக்குத் தனிக் குடும்பம் இருக்கு, தனி வேர் இருக்கு, கிரேக்கத்துக்குக் கடன் கொடுத்தாத்தான் அதுக்குப் பெருமைன்னு எதுவும் இல்ல.

‘பல்லுறுப்புக் கோவை’யையே எடுத்துக்கோ. ‘கோவை’ன்னா கோத்தது. பூவைக் கோக்குறோம், மணியைக் கோக்குறோம், அப்படி உறுப்புகளைக் கோத்து வச்சது. ஐரோப்பாக்காரங்களுக்கு அது பேருங்க சேர்ந்து நிக்கிறது, நமக்கு அது உறுப்புங்க கோத்து நிக்கிறது. என்னைக் கேட்டா நம்ம சொல்லு இன்னும் ஒரு படி மேல, ஏன்னா நடுவுல இருக்கிற பிளஸ், மைனஸ் அந்த நூல்னு கண்ணுக்குத் தெரியுது. ஆனா உறுப்புகளை எதை வச்சுப் பிரிக்கிறதுன்னு சொல்றதுல அவங்க சொல்லு கெட்டி. பேரு வேற வேறன்னா உறுப்பு வேற வேற.

இதுல கணக்கு எங்க வருதுன்னா, இங்கதான். அப்பா மண்டில எழுதுற நோட்டை ஒரு நாள் வாங்கிப் பாரு. ஒரு வண்டில முதல் ரகம் 12 பெட்டி, ரெண்டாம் ரகம் 7 பெட்டி, பொடி 4 பெட்டி வந்துச்சுன்னு வை. அடுத்த வண்டில முதல் ரகம் 5, ரெண்டாம் ரகம் 3, பொடி இல்ல. அப்பா எப்படிக் கூட்டுவார்? முதல் ரகம் 17, ரெண்டாம் ரகம் 10, பொடி 4. பன்னெண்டையும் ஏழையும் சேர்த்து 19 பெட்டி, ஒரே விலைன்னு எழுதினா விவசாயி சும்மா விடுவாரா? ரகம்தான் பேரு. பேரு ஒண்ணா இருந்தா எண்ணைக் கூட்டு, பேரு வேறயா இருந்தா தனித்தனியா எழுதி வை. பாலினாமியல் கூட்டல்னா இது மட்டும்தான். 3 எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5 எக்ஸ் எவ்வளவுன்னு கேட்டா 8 எக்ஸ் க்யூப்னு எழுதுற பிள்ளைங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க, நல்லா படிக்கிற பிள்ளைங்கதான், எக்ஸ் ஸ்கொயரை ஒரு பேரா பார்க்காம கூட்டறதுக்குக் கெடைச்ச எண்ணா பார்க்கிறதால வர்றது. ஒருதடவை ரகம்னு சொல்லிப் பாருங்கன்னு சொன்னா அந்தத் தப்பு அப்படியே நின்னுடும்.

நம்ம நாட்டுலயும் தெரியாத எண்ணைப் பேரு வச்சுத்தான் கூப்பிட்டாங்க, அதுவும் கலர் பேரு. 1150 வாக்குல பாஸ்கராச்சாரியார் எழுதின பீஜகணிதத்துல முதல் தெரியாத எண்ணுக்கு ‘யாவத் தாவத்’, எவ்வளவோ அவ்வளவுன்னு அர்த்தம், அதுக்கடுத்தது கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது முதல் எழுத்தை மட்டும் யா, கா, நீன்னு போட்டுக்குவாங்க. எக்ஸ், ஒய் வர்றதுக்கு முன்னாடியே நீலமும் மஞ்சளும் கூட்டலுக்குள்ள தனித்தனியா நின்னுட்டு இருந்துச்சு.

இந்த நோமென் உன் கணக்குப் புத்தகத்துல இன்னொரு இடத்துலயும் இருக்கு, அஞ்சாவதுல இருந்து பார்த்துட்டு இருக்க. டினாமினேட்டர், நம்ம பகுதி. பேரு வைக்கிறதுன்னு அர்த்தம். நியூமரேட்டர், நம்ம தொகுதி, அதுக்கு எண்ணுறதுன்னு அர்த்தம். அஞ்சுல மூணு பங்குன்னா, கீழ இருக்கிற அஞ்சு அது எந்த மாதிரி துண்டுன்னு பேரு சொல்லுது, மேல இருக்கிற மூணு அந்தத் துண்டு எத்தனைன்னு எண்ணுது. அதனாலதான் பின்னம் கூட்டும்போது பகுதியை முதல்ல சமமாக்கச் சொல்றோம், பேரு ஒண்ணானாத்தான் எண்ணிக் கூட்ட முடியும். திரும்ப அதே மண்டி நோட்டுதான் பாரு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். வார்த்தையை அரைகுறையா உடைச்சா குழி விழும். குவாட்ராட்டிக்னா குவாட், நாலு, அப்ப அடுக்கு நாலுதானேன்னு வருஷா வருஷம் ஒரு பிள்ளை கேக்கும். அந்தப் பிள்ளை யோசிக்குது, சந்தோஷம். ஆனா லத்தீன்ல குவாட்ராத்துஸ்னா சதுரம். சதுரத்துக்கு நாலு பக்கம் இருக்கு, பேரு அதனால வந்தது, ஆனா கணக்குல அது குறிக்கிறது சதுரத்தோட பரப்பளவை, எக்ஸ் ஸ்கொயரை. அதனால படி ரெண்டுதான். நம்ம ‘இருபடிச் சமன்பாடு’ங்கிறது இந்த இடத்துல சுத்தி வளைக்காம நேரா ரெண்டுன்னு சொல்லிடுது. அதுக்காகத்தான் சொல்றேன், பத்தாவது தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டுடாத. இங்கிலீஷ் சொல்லுல ஒரு பக்க அர்த்தம் இருக்கும், தமிழ்ச் சொல்லுல இன்னொரு பக்க அர்த்தம் இருக்கும், ரெண்டும் உன் கையில இருந்தா கிளாஸ்ல மத்தவங்களைவிட உனக்கு ஒரு வெளிச்சம் கூட.

மார்க் வருமான்னா, வார்த்தையோட வேர் தெரிஞ்சதுக்கு யாரும் மார்க் போட மாட்டாங்க, அதை உனக்கு ஒளிக்காம சொல்லிடறேன். கணக்கு போட்டுப் பார்க்கணும், அதுக்கு மாத்து கிடையாது. ஆனா ஒரு நோட்டு போடு. இடது பக்கம் இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்துலயே எழுது, நடுவுல அது உடையுற விதம், வலது பக்கம் நம்ம புத்தகச் சொல்லு. ஒரு நாளைக்கு ரெண்டு போதும். ஒரு மாசத்துல பாலி, மோனோ, பை, ட்ரை, நோமென் இதெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற முகமா ஆயிடும், அப்புறம் புது வார்த்தை வந்தா, தெரியாத கூட்டத்துல நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேரைப் பார்த்த மாதிரி இருக்கும். உன்னை யாராவது எழுப்பிக் கேட்டா நீ என்னை மாதிரி வாயடைச்சு நிக்க வேண்டியதில்ல. தமிழ்ல தெரிஞ்சா தமிழ்லயே சொல்லு, சொல்லிட்டு அப்புறம் உக்காரு.

நோட்டோட முதல் பக்கத்துக்கு ஒரு கேள்வி தர்றேன். ரூட் 12 பிளஸ் ரூட் 3, இதுக்கு எத்தனை பேரு? ரூட் 12 பிளஸ் ரூட் 5க்கு எத்தனை? ரெண்டுக்கும் பதில், ஏன்னு ஒரு வரி, அடுத்த கடிதத்துல எழுது. அப்பாவையும் கேட்டுப் பாரு, ரகம் பிரிக்கிறதுல அவர் கை தேர்ந்த ஆளு.